குளுஸ்காபே கதையைத் தமிழில் சொல்ல எந்த வடிவத்தை எடுப்பது?

நெய்தல்நிலா

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். பெரும்பாலும் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள். இந்த முறை வட அமெரிக்காவின் வபனாக்கி மக்களுடைய கதை ஒன்றைச் சொல்ல ஆசை.

இணையத்தில் எனக்குக் கிடைத்தது இதுதான். குளுஸ்காப், மால்சும் என்று இரட்டைப் பிள்ளைகள். குளுஸ்காப் நல்லவன், மால்சும் ஓநாய் குணம் கொண்டவன். ஒவ்வொருவரையும் ஏதோ ஒரே ஒரு பொருளால்தான் கொல்ல முடியும். தன்னை ஆந்தை இறகால் கொல்லலாம் என்று குளுஸ்காப் பொய் சொல்லித் தப்பிக்கிறான். கடைசியில் பெரணிச் செடியின் வேரால் அடிபட்டு மால்சும் சாகிறான். நல்லவன், கெட்டவன் என்று பளிச்சென்று இருப்பதால் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் பிடிபடும் என்று நினைத்தேன். தமிழில் முக்கால்வாசி எழுதியும் விட்டேன்.

கேள்வி இதுதான்: இந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது? இது அந்த மக்களில் யாருடைய கதை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகிழக்குவாசி

நிலா, முக்கால்வாசி எழுதிவிட்டேன் என்கிறீர்கள். அதனால் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

நான் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாங்கோர் ஊரில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். பெனோப்ஸ்காட் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. அதன் மேல்போக்கில் அரை மணி நேரம் காரில் போனால் பெனோப்ஸ்காட் மக்கள் வாழும் தீவு. வபனாக்கி என்றால் விடியலின் நிலத்து மக்கள். அந்தக் கண்டத்தில் சூரியன் முதலில் எழும் கிழக்குக் கரை அவர்களுடையது. அது ஒரு இனத்தின் பெயர் இல்லை. மிக்மாக், வோலஸ்தகியிக் (பழைய நூல்களில் மலிசீட்), பாஸமக்வாடி, பெனோப்ஸ்காட், அபனாக்கி என்று பல இனங்கள் சேர்ந்தது. இன்றைய மெய்ன், நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா, கியூபெக், வெர்மான்ட் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் பரவியிருக்கிறார்கள். மொழிகள் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல. அதனால்தான் நாயகன் பெயரும் மாறும். பெனோப்ஸ்காட் மக்களிடம் அவன் குளுஸ்காபே, பாஸமக்வாடியில் குளூஸ்காப், மிக்மாக்கில் க்ளுஸ்காப்.

இப்போது அந்த மால்சும். அந்த வடிவத்தைப் புகழ்பெறச் செய்தது சார்லஸ் காட்ஃப்ரி லேலண்ட் என்ற பிலடெல்பியா எழுத்தாளர் 1884இல் போட்ட தொகுப்பு. காம்போபெல்லோ தீவில் கோடையைக் கழித்தபோது பாஸமக்வாடி மக்களைச் சந்தித்துக் கதைகளைச் சேர்த்தார். அவருக்கு ஸ்காண்டிநேவியப் புராணங்கள் மேல் தீராத மோகம். பால்டர் என்ற நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) தேவனை ஒரே ஒரு செடியால்தான் கொல்ல முடியும் என்ற கதையை அவர் படித்தவர். வபனாக்கிக் கதைகளில் அதன் சாயலைத் தேடினார், கண்டுபிடித்துவிட்டதாகவும் நம்பினார். 1997இல் தாமஸ் பார்க்ஹில் என்ற ஆய்வாளர் லேலண்டின் குறிப்புகளையும் அச்சான நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வெவ்வேறு கதைத் துண்டுகளை எப்படி ஒட்டினார், எங்கே தன் கைச்சரக்கைச் சேர்த்தார் என்று விரிவாகக் காட்டினார். பிரபஞ்சத்தையே பங்கு போட்டுச் சண்டையிடும் நல்ல அண்ணன், கெட்ட தம்பி என்ற சட்டகம் அப்படி உருவானது. அங்கிருந்து குழந்தை நூல்கள், கலைக்களஞ்சியங்கள், இப்போது இணையத்தளங்கள் என்று 140 ஆண்டுகளாக நகல் எடுக்கப்படுகிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு முதன்முதலாக இந்த மக்களின் பெயர் காதில் விழப்போகிறது. அது அவர்களுடைய சொந்தக் கதையாக இருக்கட்டும். பாட்டியின் பை கதையை எடுங்கள். வேண்டுமானால் இங்கேயே சொல்கிறேன்.

முகில்வண்ணன்

வாசி அண்ணா, மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. வாய்மொழிக் கதை என்றாலே மாறிக்கொண்டே இருப்பதுதானே? ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொல்வார். லேலண்டும் அந்த வரிசையில் ஒருவர் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? மூல வடிவம் என்று ஒன்றைத் தேட ஆரம்பித்தால் எந்த நாட்டுப்புறக் கதையையும் யாரும் வாயைத் திறந்து சொல்ல முடியாது. குழந்தைகளுக்குச் சுவையாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

பழையதாள்

முகில் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கதை மாறும், சரி. ஆனால் யார் மாற்றுகிறார்கள், எதற்காக மாற்றுகிறார்கள் என்று ஒரு கேள்வி உண்டு. பாட்டி பேத்திக்குச் சொல்லும்போது மாறுவது, அந்தக் கதையோடு வாழ்கிறவர்களுக்குள்ளேயே நடக்கும் மாற்றம். கோடைக்கு வந்த ஒருவர், இவை நார்ஸ் மக்களிடமிருந்து வந்தவை என்று நிரூபிப்பதற்காக மாற்றுவது வேறு. அதில் இன்னொரு சேதி ஒளிந்திருக்கிறது: இவ்வளவு நல்ல கதை இவர்களுக்குச் சொந்தமாக இருக்க வழியில்லை.

அதே சமயம் லேலண்டை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்ற கதை அவர் தொகுப்பில்தான் இருக்கிறது. குளூஸ்காப் வில்லை எடுத்து ஆஷ் மரங்களின் மேல் அம்பு எய்கிறான். பட்டை பிளந்து மனிதர்கள் வெளியே வருகிறார்கள். இதைச் சொன்னவர் மாலி செப்சிஸ் என்ற பாஸமக்வாடி மூதாட்டி. அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, வேறொரு பெண் மொழிபெயர்த்தார். லேலண்ட் அந்தப் பெயரைப் பதிந்து வைத்தார். அந்த ஒரு நல்ல காரியத்தால் இன்று நமக்கு அவர் பெயர் தெரிகிறது. கூடை முடைய அவர்கள் இன்றும் நார் உரிப்பது ஆஷ் மரத்தில்தான். மரகதத் துளைப்பான் என்னும் வண்டு 2018இல் மெய்னுக்குள் வந்துவிட்டது. ஆஷ் மரங்களைக் கொன்றுவிடும் வண்டு அது. தாங்கள் பிறந்து வந்த மரம் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற கூடைக்காரர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்று. வெளியாட்கள் எழுதியது மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஜோசப் நிக்கோலர் என்ற பெனோப்ஸ்காட் பெரியவர், மெய்ன் சட்டமன்றத்தில் தம் மக்களின் பிரதிநிதியாக இருந்தவர், 1893இல் தாமே ஒரு நூல் எழுதிப் பாங்கோரில் அச்சிட்டார். அவர் சொல்வதில் குளுஸ்காபே ‘ஒன்றுமில்லாததிலிருந்து வந்த மனிதன்’. அவனுக்குத் துணையாக ஒவ்வொருவராக வருகிறார்கள். பாறையில் படிந்த பனித்துளியிலிருந்து பாட்டி. கடல் நுரையிலிருந்து ஓர் இளைஞன். இலையின் மேல் விழுந்த துளியிலிருந்து ஒரு பெண். பஞ்சம் வரும்போது அந்தப் பெண்தான், முதல் தாய், தன்னைக் கொன்று நிலத்தில் இழுத்துச் செல்லும்படி கணவனிடம் கேட்கிறாள். அவள் சதையிலிருந்து மக்காச்சோளமும் எலும்பைப் புதைத்த இடத்தில் புகையிலையும் முளைக்கின்றன. இந்த வரிசையில் கெட்ட தம்பிக்கு இடமே இல்லை பாருங்கள்.

நெய்தல்நிலா

ஐயா, அந்த முதல் தாய் கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு எதுவும் செய்ய ஓடவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பெரியவர்கள் கூட்டத்தில் ஒருநாள் சொல்வேன்.

மால்சும் கதையை எடுத்துவிட்டேன். வாசி அண்ணா, பை கதையைச் சொல்லுங்கள்.

வடகிழக்குவாசி

சொல்கிறேன். இது பெனோப்ஸ்காட் கதை. நியூவெல் லயன் என்பவர் தம் மொழியில் சொல்ல, ஃபிராங்க் ஸ்பெக் என்ற மானுடவியலாளர் எழுதிக்கொண்டு 1918இல் வெளியிட்ட வரிசையில் வருகிறது. அந்த வரிசையை 2021இல் பெனோப்ஸ்காட் மொழி ஆசான் கேரல் டானாவும் இன்னும் இருவரும் சேர்ந்து, மொழியைத் திருத்தமாக எழுதி, புது மொழிபெயர்ப்போடு கொண்டுவந்தார்கள். நீங்கள் அதைத்தான் வாங்கிப் படிக்க வேண்டும். நான் இங்கே சொல்வது வெறும் எலும்புக்கூடு.

குளுஸ்காபே பாட்டியோடு வாழ்கிறான். பாட்டி ஒரு வுட்சக். மண்ணில் வளை தோண்டி வாழும், பூனை அளவுள்ள குண்டு அணில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் வேட்டைக்குப் போகிறான், ஒன்றும் கிடைக்கவில்லை. கோபித்துக்கொண்டு வந்து படுத்துவிடுகிறான். எனக்கு ஒரு பை வேண்டும் என்கிறான். பாட்டி மானின் மயிரில் பின்னிக் கொடுக்கிறாள், வேண்டாம் என்கிறான். மூஸ் என்ற பெரிய மான் வகையின் மயிரில் பின்னுகிறாள், அதுவும் வேண்டாம். கடைசியில் தன் வயிற்று மயிரையே பிடுங்கிப் பின்னிக் கொடுக்கிறாள். அதனால்தான் வுட்சக்குக்கு இன்றும் வயிற்றில் மயிர் குறைவு. இந்தப் பையில் என்ன போட்டாலும் நிறையாது.

பையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய் விலங்குகளிடம், உலகம் அழியப் போகிறது, இதற்குள் வந்து ஒளிந்துகொள்ளுங்கள் என்று பொய் சொல்கிறான். எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பாட்டி, இனி நமக்கு வேட்டைக் கஷ்டமே இல்லை, கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்கிறான்.

பாட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறாள். மெச்சவில்லை. நீ செய்தது நல்லதல்ல பேரா, இவை இப்படியே பைக்குள் கிடந்து செத்தால் பின்னால் வரப்போகிற நம் பிள்ளைகளின் பிள்ளைகள் என்ன தின்பார்கள் என்று கேட்கிறாள். அவன் பையைத் திறந்து விடுகிறான்.

அவ்வளவுதான். இதில் கெட்டவனே கிடையாது. சின்ன வயது, பேராசை, ஒரு பொய். பாட்டியின் ஒரு கேள்வியில் எல்லாம் திரும்பிவிடுகிறது. அப்புறம் அவன் மறுபடியும் தவறுவான். கடல் வற்றப்போகிறது என்று மீன்களிடம் பொய் சொல்லி மொத்தமாகப் பிடிப்பான், பாட்டி மறுபடியும் திட்டுவாள். காற்றை வீசும் கழுகின் இறக்கையைக் கட்டிப்போடுவான். காற்று நின்று, தண்ணீர் அழுகி, மூச்சு முட்டும். திரும்பப் போய் அவிழ்த்துவிடுவான். உலகத்தை ஒழுங்குபடுத்த வந்தவனே ஒவ்வொரு தப்பாகச் செய்து, திட்டு வாங்கி, கற்றுக்கொள்கிறான். எனக்கு இந்தக் கதைகளில் மிகவும் பிடித்தது இதுதான். லேலண்டின் கறுப்பு வெள்ளைச் சட்டகத்தில் இது முழுக்கத் தொலைந்துபோகிறது.

தவளைக் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. நான் தினமும் பார்க்கும் ஆற்றின் கதை அது. அக்லெபெமு என்ற பெருந்தவளை பெனோப்ஸ்காட் ஆற்றை அடைத்து வைத்துக்கொள்கிறது. கீழே இருக்கிற ஊர்கள் தாகத்தில் சாகின்றன. குளுஸ்காபே போய்க் கேட்கிறான், தவளை தர மறுக்கிறது. ஒரு பெரிய மரத்தை வெட்டி அதன் மேல் சாய்க்கிறான். தண்ணீர் பீறிட்டு ஓடுகிறது. அடிமரம் ஆறாகவும் கிளைகள் துணையாறுகளாகவும் ஆகின்றன. வரைபடத்தைப் பார்த்தால் சாய்ந்த மரம் மாதிரியேதான் இருக்கும். தாகத்தில் தவித்தவர்கள் சிலர் தண்ணீரில் பாய்ந்து மீனாக, தவளையாக, ஆமையாக மாறிவிடுகிறார்கள். கரையில் நின்றவர்கள் அந்த உறவினர்களின் பெயரைத் தங்கள் குடும்பப் பெயராக வைத்துக்கொள்கிறார்கள். ஆக, ஆற்றில் நீந்துவது சொந்தக்காரர்கள்.

இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த கிரேட் வொர்க்ஸ் அணையை 2012இலும் வீசி அணையை 2013இலும் எடுத்தார்கள். அந்த முயற்சியில் பெனோப்ஸ்காட் மக்களின் அரசு ஆரம்பத்திலிருந்தே பங்காளி. அணைகள் போனபின் ஆற்று ஹெர்ரிங் மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலே ஏறுவதை நானே கரையில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அதே 2012இல், தங்கள் தீவுகளைச் சுற்றி ஓடும் தண்ணீரும் தங்கள் நிலத்தின் பகுதிதான் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தீவுகள் மட்டும்தான் உங்களுடையவை, தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை எடுத்து விசாரிக்க மறுத்தது. தவளைக் கதையைப் படித்துவிட்டு அந்தத் தீர்ப்பைப் படிக்க முடியவில்லை எனக்கு.

தாழம்பூ

நான் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஹாலிஃபாக்ஸில் இருக்கிறேன், மிக்மாக் பக்கம். கேப் பிரெட்டனில் கெல்லி மலை என்று ஒன்று உண்டு. அதன் கடலோரக் குகை க்ளுஸ்காப்பின் வீடு. அவன் போய்விட்டான், ஆனால் மக்களுக்குத் தேவைப்படும்போது திரும்பி வருவான், அங்கேதான் வருவான் என்பது நம்பிக்கை. 1980களின் கடைசியில் அந்த மலையைக் கல் குவாரி ஆக்க ஒரு திட்டம் வந்தபோது மிக்மாக் மக்கள் எழுந்து நின்று எதிர்த்தார்கள். குகை வீடு இல்லாமல் அவன் எங்கே திரும்பி வருவான்? குவாரி வரவில்லை.

நிலா அக்கா, கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் செனூ கதையையும் யோசியுங்கள். செனூ என்பது மனிதரைத் தின்னும் பனி அரக்கன். அதன் இதயமே பனிக்கட்டி. குளிர்காலத்தில் காட்டுக்குள் வேட்டைக் குடிலில் தனியாக இருக்கும் ஒரு பெண் முன்னால் வந்து நிற்கிறது. அவள் அலறவில்லை. அப்பா, இத்தனை நாளாய் எங்கே போனீர்கள், உள்ளே வாருங்கள் என்கிறாள். அரக்கன் திகைத்துப்போகிறான். அவனை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளோடும் அவள் கணவனோடும் தங்குகிறான், விறகு வெட்டித் தருகிறான். உருக்கிய கொழுப்பைக் கேட்டு வாங்கிக் குடித்து, உள்ளே இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்து, ஒரு சாதாரணக் கிழவனாக ஆகிவிடுகிறான்.

சைலஸ் ரேண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் 19ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த மிக்மாக் கதைகளில் இது ஒன்று. அந்த வடிவத்தில் கடைசியில் ஒரு பாதிரியாரும் வருகிறார். மிக்மாக் தலைவர் மெம்பர்டூ ஞானஸ்நானம் பெற்றது 1610இல். ஆக ரேண்ட் கேட்டபோது அவர்கள் 250 ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கர்கள். பாதிரியார் கதைக்குள் வந்தது மிக்மாக் கதைசொல்லிகள் தாங்களே செய்த மாற்றமாக இருக்கலாம். முகில் சொன்னதற்கும் இதில் இடமிருக்கிறது என்று தோன்றுகிறது.

முகில்வண்ணன்

நன்றி தாழம்பூ. அந்த ‘அப்பா, எங்கே போனீர்கள்’ என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

பழையதாள் ஐயா சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தவளை ஆற்றை அடைத்து வைப்பது, யாரோ வந்து அதை ஓட விடுவது என்று படித்ததும் நம் பக்கத்துப் புராணம் ஒன்று மனதில் ஓடியது. அதோடு ஒப்பிட்டுச் சொன்னால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்காதா?

வடகிழக்குவாசி

முகில், எனக்கும் அதே கதைதான் ஓடியது. மனம் அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் லேலண்டும் அங்கேதான் ஆரம்பித்தார். தனக்குத் தெரிந்த ஒன்றின் சாயல் தெரிந்ததும், தெரியாததைக் கேட்பதை நிறுத்திவிட்டார். அமெரிக்க எழுத்தாளர் தோரோவும் அப்படித்தான். 1857இல் ஜோ போலிஸ் என்ற பெனோப்ஸ்காட் வழிகாட்டியோடு படகில் போகிறார். மெய்னில் உள்ள கைனியோ மலையைக் காட்டி, இது ஒரு பெரிய வேட்டைக்காரன் கொன்ற மூஸ், கல்லாகிக் கிடக்கிறது என்று போலிஸ் சொல்கிறார். தோரோவுக்கு அது சலிப்பூட்டும் இழுவையாகத்தான் படுகிறது. கைனியோவின் கல் ரயோலைட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அம்பு முனையும் கத்தியும் செய்ய அந்தப் பகுதி முழுக்க மக்கள் எடுத்துப்போன கல் அது. வேட்டைக்கு ஆயுதம் தந்த மலையே வேட்டையாடப்பட்ட மூஸ் என்று ஒருவர் நேரில் நின்று சொல்கிறார், தோரோ மாதிரி ஒரு மனிதருக்கே அது காதில் ஏறவில்லை.

பிள்ளைகள் தாங்களாக ஒப்பிட்டால் ஒப்பிடட்டும், அது அழகு. நாம் முன்கூட்டியே ஊட்ட வேண்டாம்.

பழையதாள்

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1890 மார்ச்சில் மெய்னின் கேலஸ் ஊருக்கு ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்பவர் எடிசன் ஃபோனோகிராஃப் பெட்டியோடு வந்து, பாஸமக்வாடி மக்களின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். களத்துக்கே போய் ஒலிப்பதிவு செய்தது உலகத்திலேயே அதுதான் முதல் முறை என்பார்கள். நோயல் ஜோசஃப்ஸ், பீட்டர் செல்மோர் ஆகியோரின் குரல்கள். அந்த உருளைகளில் 31 மிஞ்சியிருக்கின்றன. அருங்காட்சியகத்திலும் அப்புறம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் நூறாண்டுக்கு மேல் கிடந்தன. சமீப ஆண்டுகளில் ஒலியைச் சுத்தம் செய்து பாஸமக்வாடி மக்களிடமே கொடுத்திருக்கிறார்கள். டுவெய்ன் டோமா போன்ற மொழியறிஞர்கள் கீறலும் இரைச்சலுமான அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல் சொல்லாக எழுதுகிறார்கள். எதை எல்லாரும் கேட்கலாம், எதற்கு யார் பெயரைச் சொல்ல வேண்டும், எது தங்களுக்கு மட்டும் என்பதை முடிவு செய்வது அந்த மக்கள். நூலகத்தின் பட்டியலிலேயே அந்த அடையாளக் குறிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

128 ஆண்டுகளுக்குப் பிறகு கொள்ளுத் தாத்தாவின் குரலைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்!

நூலகத்தில் வாயால் சொல்வது வேறு, அச்சிட்டு விற்பது வேறு. நிலா அம்மா, பின்னால் புத்தகமாகப் போடும் எண்ணம் வந்தால் பெனோப்ஸ்காட் மக்களிடம் எழுதிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

செங்கால்நாரை

மொழியியல் படிக்கிறேன், இந்தப் பக்கம் இப்போதுதான் பார்த்தேன். மொழிபெயர்க்கும்போது ஒரு சிக்கல் வரும் நிலா அக்கா, முன்பே யோசித்துவிடுங்கள்.

வபனாக்கி மொழிகள் சேர்ந்த அல்கோன்கிய மொழிக் குடும்பத்தில் பெயர்ச்சொற்கள் இரண்டே வகுப்பு: உயிருள்ளவை, உயிரில்லாதவை. மரம் உயிருள்ள வகுப்பு. மனிதனுக்கும் கரடிக்கும் வினைமுற்று ஒரே மாதிரி வரும். அவன், அவள் என்ற பிரிவும் இல்லை. பாஸமக்வாடியில் நெகம் என்ற ஒரே சொல் எல்லாருக்கும். நமக்கோ உயர்திணை, அஃறிணை என்று கோடு போட்டாக வேண்டும். ‘கரடி வந்தது, பாட்டி சொன்னாள்’ என்று எழுதினால் ஒரே வரியில் கரடியைக் கீழே இறக்கிவிடுகிறோம். பாட்டியே ஒரு வுட்சக்! அப்படியானால் ‘பாட்டி சொன்னது’ என்றா எழுதுவீர்கள்?

என் யோசனை: பைக்குள் போகும் எல்லாருக்கும் ‘ஆர்’ போடுங்கள். நம் பிள்ளைகளுக்கு நரியார், கரடியார் பழக்கம்தானே. ‘கரடியார் வந்தார், முயலார் வந்தார், எல்லாரும் உள்ளே போனார்கள்.’ நம் பழைய கதைசொல்லும் வழக்கமே அந்த இலக்கணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

வடகிழக்குவாசி

நாரை, இதை நான் யோசித்ததே இல்லை. மேலே நானே ‘விலங்குகள் உள்ளே வந்துவிடுகின்றன’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பாட்டி கோபப்படுவது ஏன் என்று இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது. பையில் கட்டப்பட்டது வெறும் இரை இல்லை.

பெனோப்ஸ்காட் மொழியைப் பிறந்ததிலிருந்து பேசி வளர்ந்த கடைசிப் பெண்மணி மேட்லின் ஷே 1993இல் காலமானார். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று வகுப்பில் உட்கார்ந்து இந்தக் கதைகளின் வழியாகத்தான் மொழியைக் கற்கிறார்கள். கதைக்குள் இலக்கணம் பத்திரமாக இருக்கிறது.

மெய்ன் பள்ளிகளில் வபனாக்கி வரலாறு கற்பிக்க வேண்டும் என்று 2001இலேயே சட்டம் வந்தது. பெனோப்ஸ்காட் பிரதிநிதி டோனா லோரிங் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பல பள்ளிகளில் அது சரியாக நடக்கவில்லை. நிலாவின் நூலகத்தில் முப்பது பிள்ளைகள் சரியான வடிவத்தைக் கேட்கப்போகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நெய்தல்நிலா

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பை கதையை முதலிலிருந்து எழுதினேன். கரடியார், முயலார், மூஸார் எல்லாரும் பைக்குள் போய்விட்டார்கள். மூஸ் என்ற சொல்லே அந்தப் பக்கத்து அல்கோன்கிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று படித்தேன், அதனால் மாற்றாமல் அப்படியே வைத்தேன். வுட்சக் பாட்டிக்குத் தமிழில் பெயர் தேடி அலுத்துவிட்டது. வளைப்பாட்டி என்று வைத்திருக்கிறேன், முதல் தடவை மட்டும் என்ன விலங்கு என்று படம் காட்டிச் சொல்லிவிடுவேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பெனோப்ஸ்காட் கதைகள் ‘என் கதை இங்கே முகாமிட்டிருக்கிறது’ என்ற மாதிரி தொடங்கும் என்று பார்த்தேன். அந்த வரியை எனக்கு விட மனமில்லை. ஆனால் முகாம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கண் சிகிச்சை முகாம்தான் நினைவுக்கு வரும். குடில் போட்டிருக்கிறது என்று எழுதலாமா?

செங்கால்நாரை

‘தங்கியிருக்கிறது’ எப்படி? நடந்து வந்த களைப்பு, இரவு, நாளைக்கு எழுந்து போய்விடும் என்பது எல்லாம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

வடகிழக்குவாசி

அதுதான் சரி. அவர்கள் இந்தக் கதைகளைப் பெரும்பாலும் குளிர்காலத்தில், ஒரே இடத்தில் தங்கியிருக்கும் நாட்களில்தான் சொல்வார்கள்.

நெய்தல்நிலா

வைத்துவிட்டேன். தொடக்கம் இப்படி வருகிறது:

“இது பெனோப்ஸ்காட் ஆற்றங்கரையில் நியூவெல் லயன் என்பவர் தன் மொழியில் சொன்ன கதை. என் கதை இன்று இங்கே தங்கியிருக்கிறது. குளுஸ்காபேயும் வளைப்பாட்டியும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.”